மூச்சை அடக்கினா ஏன் முட்டுது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், மூச்சை அடக்கிட்டு உக்காந்தா ஒரு நிமிஷம்கூட தாங்க முடியல. உடம்புல இருக்கிற ஆக்சிஜன் அவ்ளோ சீக்கிரமாவா தீந்துபோகும்?

பதில்: தீராதுங்க. நாம உள்ள இழுக்கிற காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம், வெளிய விடுற காத்துலயும் கிட்டத்தட்ட 16 சதவீதம் மிச்சம் இருக்கு, அதனாலதான் மூச்சு நின்னுபோனவருக்கு வாயோட வாய் வெச்சு ஊதினா நாம விட்ட காத்தே அவருக்கு உதவுது. அப்போ முட்ட வைக்கிறது யாரு? கார்பன் டை ஆக்சைடு. அது வெளிய போகாம ரத்தத்துல சேரச் சேர அமிலத்தன்மை ஏறுது, மூளைக்கு அடியில இருக்கிற முகுளம் அதை உடனே கண்டுபுடிச்சு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற மூச்சுத் தசையான உதரவிதானத்துக்கு ‘இழு, இழு’ன்னு ஆர்டர் போட்டுட்டே இருக்கும், நீங்க வாயையும் மூக்கையும் எவ்ளோ பிடிவாதமா பொத்திக்கிட்டாலும் மேல்வயிறு தானா துடிக்குது பாருங்க, அது அந்த ஆர்டர்தான். ஆக்சிஜனைக் கவனிக்கவும் கழுத்துத் தமனிகிட்ட ஒரு குட்டி உறுப்பு இருக்கு, ஆனா அளவு நல்லா இறங்கினாதான் அது பலமா சத்தம் போடும்.

இதைத் தெரிஞ்சுக்காம சில பேர் ஒரு வேலை பண்றாங்க. தண்ணிக்குள்ள ரொம்ப நேரம் தம் கட்டணும்னு முன்னாடியே வேகவேகமா மூச்சை இழுத்து இழுத்து விட்டுட்டு முங்குறாங்க. அதனால ஆக்சிஜன் பெருசா கூடாது, ஏன்னா தமனி ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் ஏற்கனவே 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கு, இனிமே ஏத்த எடம் எங்க? குறையறது கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான். அதனால முட்டவேண்டிய நேரத்துல முட்டாது, ஆக்சிஜன் இறங்கி நேரா மயக்கம், அதுவும் தண்ணிக்குள்ள. நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களே இப்படி செத்துருக்காங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

கேள்வி: தமனியில நல்ல ரத்தம், சிரையில அசுத்த ரத்தம்னுதான் நான் படிச்சேன். பொண்ணோட புக்ல நுரையீரல் தமனியில அசுத்த ரத்தம்னு இருக்கு. அச்சுப்பிழையா?

பதில்: புக்ல சரியாத்தான் இருக்கு. இதயத்துலருந்து வெளிய போற குழாய்னா தமனி, இதயத்துக்குத் திரும்பி வர்றதுன்னா சிரை, அவ்ளோதான், உள்ள என்ன ரத்தம் ஓடுதுங்கறது அதுல கணக்கே இல்ல. இதயம்ங்கறது ஒட்டி வெச்ச ரெண்டு பம்ப்னு நினைச்சுக்கோங்க. வலது பக்கம் உடம்பு முழுக்க சுத்திட்டு வந்த ரத்தத்தை வாங்கி நுரையீரல் தமனி வழியா நுரையீரலுக்குத் தள்ளுது, அது இடது பக்கமா திரும்பி வந்து அங்கேருந்து பெருந்தமனி வழியா தலை முதல் கால் வரைக்கும் போகுது. நுரையீரல் பக்கத்துலயே இருக்கிறதால வலது பம்புக்கு வேலை கம்மி, அங்க பிரஷர் சாதாரணமா 25க்கு மேல போகாது, கையில கட்டிப் பாக்கிற 120ங்கறது இடது பம்போட வேலை, அதனாலதான் இடது வென்ட்ரிக்கிள் (கீழறை) சுவர் அவ்ளோ தடிமன். ஆனா நிமிஷத்துக்குத் தள்ளுற அளவு மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், சும்மா உக்காந்திருக்கும்போது சுமார் 5 லிட்டர். உடம்புல இருக்கிற மொத்த ரத்தமே கிட்டத்தட்ட அவ்ளோதானே, அப்போ ஒரு நிமிஷத்துல ஒரு ரவுண்டு! நுரையீரல்ல காத்துப்பையை ஒட்டி ஓடுற நுண்குழாய்ல ஒரு சிவப்பணு நிக்கிறது முக்கால் செகண்ட்கூட கஷ்டம், அதுக்குள்ள கார்பன் டை ஆக்சைடை விட்டுட்டு ஆக்சிஜனை ஏத்திக்குது, ஏன்னா நடுவுல இருக்கிற சவ்வு அவ்ளோ மெல்லிசு.

இன்னொண்ணு, ‘அசுத்த ரத்தம்’னு சொல்றோமே, அதுலயும் ஓய்வா இருக்கும்போது ஹீமோகுளோபின் முக்காவாசி ஆக்சிஜனோடதான் இருக்கும். பாவம், அதுக்குக் கெட்ட பேரு.

இந்த ரூட்டைக் கண்டுபுடிக்கவே மனுஷனுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. இதயத்தோட நடுச்சுவர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வழியா ரத்தம் கசியுதுன்னு பழங்கால கிரேக்க மருத்துவர் காலென் எழுதி வெச்சதையே எல்லாரும் நம்பிட்டிருந்தாங்க. அப்படி ஓட்டையே கெடையாது, ரத்தம் நுரையீரல் வழியாத்தான் போகணும்னு 13ஆம் நூற்றாண்டுலயே அரபு மருத்துவர் இப்னு அல் நஃபீஸ் எழுதினார். இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628ல முழு சுற்றையும் விளக்கினார், ஆனா தமனியையும் சிரையையும் எது சேர்க்குதுன்னு அவரால காட்ட முடியல, அவர் செத்தப்புறம் 1661ல இத்தாலிய விஞ்ஞானி மால்பிகி தவளையோட நுரையீரலை மைக்ரோஸ்கோப்ல வெச்சு நுண்குழாயைப் பாத்துட்டார்.

கேள்வி: கையில நரம்பு நீலமா தெரியுதே, உள்ள ரத்தம் நீலமா?

பதில்: இல்ல, அடர் சிவப்பு. தோல் வழியா வெளிச்சம் போய் திரும்பி வர்ற விதத்துலதான் நீலமா தெரியுது. அப்புறம் அது நரம்பு இல்ல, சிரை.

கேள்வி: ஆக்சிமீட்டர்ல 98 காட்டினா பயமே வேண்டாமா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. அந்தக் கருவி விரல் வழியா சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விட்டு, ஹீமோகுளோபின்ல எத்தனை சதவீதம் நிரம்பியிருக்குன்னு மட்டும்தான் கணக்குப் போடுது. ஹீமோகுளோபினே கம்மியா இருக்கிற ரத்தசோகைக்காரருக்கும் 98 காட்டும். கார்பன் டை ஆக்சைடு தேங்குறதையும் காட்டாது. எல்லாத்தையும்விட மோசம் கார்பன் மோனாக்சைடு, அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஹீமோகுளோபினைப் புடிச்சுக்கும், சாதாரண ஆக்சிமீட்டர் அதையும் ஆக்சிஜன்னு நினைச்சு நல்ல நம்பர் காட்டிட்டு உக்காந்திருக்கும். மூடின ரூம்ல கரி எரிஞ்சோ ஜெனரேட்டர் ஓடியோ தலைவலி, மயக்கம் வந்தா நம்பரைப் பாத்துட்டு நிக்காதீங்க, உடனே வெளிக்காத்துக்கு வந்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. மத்தபடி மூச்சு வாங்குறது நிக்கலன்னா 98ஐ நம்பி வீட்ல இருக்காம டாக்டரைப் பாருங்க. விரல் ஜில்லுன்னு இருந்தாலோ நெயில் பாலிஷ் இருந்தாலோ ரீடிங் தப்பா வரலாம், துடைச்சிட்டு, கையைத் தேய்ச்சு சூடாக்கிட்டு மறுபடி மாட்டிப் பாருங்க.