ஆறு பேட்டி எடுத்தும் அனுபவம் கிடைக்கவில்லையா?

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் களைப்பை நிகழ்வியல் முறையில் (ஓர் அனுபவம் அதை வாழ்ந்தவருக்கு எப்படி இருந்தது என்று தேடும் முறை) ஆராயும் செவிலியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஆறு பேரிடம் பேசிவிட்டேன், எல்லாரும் “ரொம்பக் களைப்பா இருக்கும், பழகிப்போச்சு” என்று முடித்துவிடுகிறார்கள், இல்லையென்றால் ரத்தப் பரிசோதனையில் வந்த கிரியாட்டினின் அளவைச் சொல்கிறார்கள், இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கட்டுமா?

வேண்டாம். பத்துப் பேரும் இதையேதான் சொல்வார்கள், ஏனென்றால் சிக்கல் உங்கள் கேள்வியில் இருக்கிறது. “டயாலிசிஸுக்குப் பிறகு பொதுவாக எப்படி இருக்கும்?” என்று கேட்டிருப்பீர்கள். ‘பொதுவாக’ என்று கேட்டால் கருத்துதான் வரும், அனுபவம் ஏதோ ஒரு நாளில், ஓர் இடத்தில் நடந்தது. “கடைசியாக டயாலிசிஸ் முடிந்து எழுந்தீர்களே, அந்த நேரத்தைச் சொல்லுங்கள், காலைத் தரையில் வைத்தபோது எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். அங்கிருந்து மெதுவாக உடம்பு, நேரம், இடம், பக்கத்தில் இருந்தவர்கள் என்று போகலாம்: களைப்பு எங்கே தொடங்கியது, வீட்டு வாசல் வரை போகிற தூரம் எப்படித் தெரிந்தது, அப்போது யாராவது பேசினால் என்ன செய்தீர்கள். ‘ஏன்’ என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டதும் அவர் டாக்டர் சொன்ன காரணத்தைத் தேடிப் போய்விடுவார். அவர் நிறுத்தினால் நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்கள், நல்ல விவரம் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வருகிறது.

அப்புறம், நீங்கள் செவிலியர். ‘தலை சுற்றுது’ என்று கேட்டதுமே ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்று உங்கள் மனம் முடிவுகட்டிவிடும். நிகழ்வியலைத் தொடங்கிவைத்த தத்துவவாதி ஹுசெர்ல் சொன்ன ‘ஒதுக்கிவைத்தல்’ இதற்குத்தான், தெரிந்ததை மறப்பதல்ல, தற்காலிகமாகத் தள்ளி வைப்பது. முழுக்க ஒதுக்கவே முடியாது என்பார்கள் அவருக்குப் பின் வந்த தத்துவவாதி ஹைடெக்கரின் வழி வந்தவர்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது, அதனால் ஒவ்வொரு பேட்டிக்கும் முன்னால் நீங்கள் எதிர்பார்க்கும் பதில்களை எழுதிவைத்து, பதிவைக் கேட்கும்போது எங்கெல்லாம் அவற்றை நோக்கி அவரை இழுத்தீர்கள் என்று பாருங்கள்.

பேட்டி வழி ஆய்வு பற்றி எழுதிய சைட்மன் வகுத்த முறையில் ஒருவருக்கு 3 பேட்டிகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். உங்கள் ஆட்களுக்கு அது அதிகம், பேட்டி நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், டயாலிசிஸ் இல்லாத நாளில் வையுங்கள். சிகிச்சை நடக்கும்போதே பேட்டி எடுப்பது வசதிதான், ஆனால் பக்கத்துப் படுக்கைக்குக் கேட்கும் என்றால் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். பேச்சில் அவர் உடைந்துபோனால் ரெக்கார்டரை அணைத்துவிடுங்கள், தொடர்வதா வேண்டாமா என்று அவரே சொல்லட்டும்.

சரி, நெறிமுறைக் குழுவிடம் மறுபேட்டிக்கு அனுமதி வாங்கி, ஒப்புதலையும் மறுபடி கேட்டு, அந்த ஆறு பேரிடமே போங்கள். முதல் கேள்வியை அவர்கள் வாய்ச்சொல்லிலிருந்தே எடுக்கலாம்: “போன தடவை பழகிப்போச்சு என்றீர்கள், பழகாமல் இருந்த ஒரு நாளைச் சொல்லுங்களேன்.”