தெற்கு டகோட்டாவில் குறைந்த செலவில் ஃபெசன்ட் வேட்டை: முதல் பயணத்துக்கு எப்படித் திட்டமிடுவது?

மின்னசோட்டா மாநிலத்தின் மின்னியாபொலிஸில் வசிக்கும் வாசகர் ஒருவர், நீண்ட வால் கொண்ட காட்டுக்கோழி வகைப் பறவையான ஃபெசன்டின் வேட்டை பற்றிக் கேட்டிருக்கிறார்: "நானும் இரண்டு நண்பர்களும் ஒரு லேப்ரடார் நாயுடன் தெற்கு டகோட்டாவுக்கு ஃபெசன்ட் வேட்டைக்குப் போக விரும்புகிறோம். அங்கே தெரிந்தவர் யாரும் இல்லை. கட்டண வேட்டைப் பண்ணைகளுக்குப் போகும் வசதியும் இல்லை. பொது நிலத்தை மட்டும் நம்பிப் போகலாமா? ஒரு நண்பர் எச்-1பி விசாவில் இருப்பது தடையாகுமா?"

தாராளமாகப் போகலாம். ஆனால் விசா விஷயத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. எனவே நண்பர் பயிற்சிக்காகத் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே மின்னசோட்டாவின் சிறு விலங்கு, பறவை வேட்டை உரிமத்தை எடுத்துவிட வேண்டும். 1979 டிசம்பர் 31-க்குப் பிறகு பிறந்தவராக இருந்தால் அதற்குத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் தேவை. அவருடைய நிலைமையை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை சொல்லி உறுதி செய்துகொள்வது நல்லது. இதில் நேரும் பிழை அபராதத்தோடு போகாது.

அடுத்தது காலம். தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் பருவம் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 31 வரை நீடிக்கிறது. தொடக்க வாரத்தில் விடுதி வாடகை ஏறிவிடும். பொது நிலங்களின் வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். மக்காச்சோளமும் பெரும்பாலும் அறுவடையாகாமல் நிற்பதால் பறவைகள் தனியார் வயலுக்குள்ளேயே இருந்துவிடும். ஆகவே நவம்பர் பிற்பகுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ, வார நாட்களில் செல்லுங்கள். வெளிமாநிலத்தவருக்கான உரிமம் இரண்டு ஐந்து நாள் தவணைகளாகப் பயன்படுத்தத்தக்கது. ஒன்றை இப்போதும் மற்றதைப் பருவத்தின் பிற்பகுதியிலும் வைத்துக்கொண்டால், முதல் பயணத்தில் கற்ற இடங்களுக்கே அதே உரிமத்தில் திரும்பிச் செல்லலாம்.

பணம் எதில் கரைகிறது என்று பார்த்தால், உரிமத்தையும் தோட்டாவையும் விட, தெரியாத மாவட்டங்களில் அலைந்து எரிக்கும் பெட்ரோலும் வீணாகும் பகல் பொழுதுமே பெரிது. காலை 10 மணிக்கு முன் சுடக் கூடாது; நவம்பர் இறுதியில் ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். அதாவது நாளுக்கு ஏழு மணி நேரமே உங்களுடையது. அதனால் ஒரே ஊரைத் தேர்ந்தெடுத்து அங்கேயே தங்குங்கள். ஜேம்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள அபர்டீன், ரெட்ஃபீல்ட், ஹியூரன் மூன்றும் பொருத்தமானவை. மாநிலத்தின் முதல் ஃபெசன்ட் பருவம் 1919-இல் ஒரே ஒரு நாளுக்குத் திறக்கப்பட்டதும் ரெட்ஃபீல்ட் அமைந்துள்ள ஸ்பிங்க் மாவட்டத்தில்தான். மின்னியாபொலிஸிலிருந்து அபர்டீன் ஏறத்தாழ ஐந்து மணி நேர ஓட்டம்.

வீட்டிலிருந்தே செய்ய வேண்டிய முக்கிய வேலை வரைபடம் படிப்பது. மாநில வேட்டை, மீன், பூங்காத் துறை வெளியிடும் இலவச வரைபடத்தில் மாநில வேட்டை நிலங்கள், கூட்டாட்சி நீர்ப்பறவை நிலங்கள், தனியாரிடமிருந்து அரசு குத்தகைக்கு எடுத்து நடந்து செல்ல மட்டும் திறந்துவிடும் நிலங்கள் ஆகிய மூன்றும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். அதைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள். நான் தேடுவது ஒரே சேர்க்கையைத்தான்: ஒரு பக்கம் அறுத்த மக்காச்சோள வயல், நடுவில் உயரமான புல், மறுபக்கம் சம்பு வளர்ந்த சதுப்பு. இரை, பகல் ஒதுங்கிடம், பனிக்கால அடைக்கலம் மூன்றும் கால் மைல் தொலைவுக்குள் கிடைத்தால் ஃபெசன்ட் அங்கே இல்லாமல் போவது அரிது. 160 ஏக்கர் துண்டு ஒன்றை நிதானமாக நடக்க ஒன்றரை மணி நேரமாகும் என்று கணக்கிட்டு, நாளுக்கு நான்கு இடங்களும் மாற்றாக இரண்டும் குறித்துக்கொள்ளுங்கள். அறிவிப்புப் பலகை இல்லை என்பதற்காகத் தனியார் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. அங்கே அனுமதியின்றி வேட்டையாடுவது பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றமே.

தோட்டாவில் சிக்கனம் பார்த்து ஈயக் குண்டு வாங்காதீர்கள். கூட்டாட்சி நீர்ப்பறவை நிலங்களிலும் மாநில வேட்டை நிலங்களிலும் ஈயம் அனுமதிக்கப்படுவதில்லை. மூன்றாம் எண் அளவுள்ள எஃகுக் குண்டை மட்டும் எடுத்துச் சென்றால் எந்த நிலத்திலும் குழப்பம் வராது.

களத்தில் வண்டிக் கதவை அறைந்து சாத்தாதீர்கள். பனிக்காலச் சேவல்கள் அந்தச் சத்தத்துக்கே மறுமுனையால் ஓடிவிடும். காற்றை எதிர்கொண்டு நடந்தால்தான் நாய்க்கு மோப்பம் கிடைக்கும். இருவர் நாயுடன் நடக்க, ஒருவர் புல் முடியும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்கட்டும். மூவரும் ஆரஞ்சு நிற மேற்சட்டையும் தொப்பியும் அணிந்து, முன்னே நிற்பவரை நோக்கித் தாழ்வாக எழும் பறவையை விட்டுவிட வேண்டும். அவ்வப்போது நின்று பாருங்கள். நடக்கும்போது பதுங்கியே இருக்கும் சேவல், காலடி ஓசை திடீரென நின்றதும் பொறுக்காமல் கரகரத்துக்கொண்டு எழும். கழுத்தில் வெள்ளை வளையத்தையும் நீண்ட வாலையும் கண்ட பிறகே சுடுங்கள். பெட்டையைச் சுடக் கூடாது. பறவை விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நேரே சென்று, தொப்பியை அங்கே வைத்துவிட்டு, அதைச் சுற்றி வட்டமாகத் தேடுங்கள். சிறகில் மட்டும் அடிபட்ட சேவல் சம்புக்குள் வெகுதூரம் ஓடிவிடும். அதைக் கண்டெடுக்கும் வரை அடுத்ததைத் தேடிப் போகாதீர்கள்.

ஒருவருக்கு நாளுக்கு மூன்று சேவல்கள் வரம்பு. வீடு வந்து சேரும் வரை ஒவ்வொரு பறவையிலும் தலை, கால் அல்லது அடையாளம் காணப் போதுமான இறகு இருக்க வேண்டும்; சேவல் என்பதற்கு அதுவே அடையாளம். அறையில் சுத்தம் செய்வதைப் பல விடுதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே முன்பதிவின்போதே நாய்க்கு இடம் உண்டா, பறவைகளைச் சுத்தம் செய்யத் தனிக் கொட்டகை உண்டா, உறைபெட்டியில் வைக்க விடுவார்களா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள்.