அரை வரியில் ஒரு அப்பா

ஐயா, வணக்கம்.

நான் வேலூர்க்காரி. எம்.ஏ. சமூகவியல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. அமெரிக்காவில் மானிடவியல் பிஎச்.டி. படிக்க வேண்டும் என்று ஆசை. எங்கள் வீட்டில் யாரும் வெளிநாடு போனதில்லை. அப்பா சிஎம்சி மருத்துவமனை பக்கம் ஒரு லாட்ஜில் நைட் மேனேஜர். சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். விண்ணப்பத்தோடு வைக்கும் நோக்க அறிக்கையை அவர்களே எழுதித் தருவார்களாம், 40,000 ரூபாய் ஆகுமாம். ஜவ்வாது மலைப் பழங்குடிகளைப் பற்றி ஆய்வு என்று போட்டால் எடுபடும் என்றார்கள். அந்த மலைக்கு நான் காலேஜ் டூர் போனதோடு சரி. ஆனால் வேலூரில் ஆராய்ச்சி செய்ய வெயிலைத் தவிர வேறு என்ன இருக்கிறது? என் மதிப்பெண் 64 சதவீதம். ஜிஆர்இ தேர்வு எழுத வேண்டுமா? நேராக பிஎச்.டி.க்குப் போடலாமா, அங்கே போய் இன்னொரு எம்.ஏ. படிக்க வேண்டுமா? என் ஆங்கிலம் சுமார்தான். பணத்துக்கு என்ன வழி? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, வேலூர்

அன்புள்ள வாசகிக்கு,

விண்ணப்பம் பற்றிக் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் தாண்டிப்போன அரை வரி. அதற்கு வருகிறேன்.

முதலில் கேட்டவற்றை முடித்துவிடலாம். ஜிஆர்இயைப் பல மானிடவியல் துறைகள் இப்போது கேட்பதில்லை. அந்தந்தத் துறையின் பக்கத்தில் பாருங்கள், இந்த ஆண்டு ஆள் எடுக்கிறார்களா என்பதையும் அங்கேயே பாருங்கள். நேராக பிஎச்.டி.க்கே போடலாம். இளங்கலை முடித்தவர்களையே அங்கே பிஎச்.டி.க்கு எடுக்கிறார்கள். எம்.ஏ.க்குப் போனால் பெரும்பாலும் உங்கள் கைக்காசுதான் கரையும். பிஎச்.டி.யில் நல்ல துறைகள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதாமாதம் வாழப் பணமும் தந்து, பதிலுக்கு வகுப்புகளில் உதவி ஆசிரியர் வேலை வாங்குகின்றன. பணம் இல்லாமல் வெறும் இடம் மட்டும் தருகிறோம் என்று கடிதம் வந்தால் அதை மடித்து வையுங்கள். வீட்டுப் பத்திரத்தை எடுக்காதீர்கள். விண்ணப்பக் கட்டணமே ஒவ்வொன்றுக்கும் சுமார் 75 முதல் 125 டாலர் வரை ஆகும். தள்ளுபடி உண்டா என்று எழுதிக் கேளுங்கள், கேட்டால் தருகிற இடங்கள் இருக்கின்றன. 64 சதவீதத்தை இனி மாற்ற முடியாது, அதை விடுங்கள். ஆங்கிலத்துக்கு டோஃபலோ ஐஇஎல்டிஎஸோ எழுத வேண்டியிருக்கும். படித்தால் வந்துவிடும்.

சரி. இப்போது திட்டப்போகிறேன்.

"வேலூரில் ஆராய்ச்சி செய்ய வெயிலைத் தவிர வேறு என்ன இருக்கிறது?" சமூகவியலில் எம்.ஏ. முடித்த ஒரு பெண்ணின் கையால் இதை எப்படியம்மா எழுத முடிந்தது? 1973-74இல் கேம்பிரிட்ஜிலிருந்தும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒரு பெரிய குழு அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்துக்கு வந்து கிராமம் கிராமமாக உட்கார்ந்தது. புதிய நெல் ரகங்கள் வந்தபின் யார் பிழைத்தார்கள், யார் கடனில் விழுந்தார்கள் என்று கேட்டு எழுதியது. அது 1977இல் புத்தகமாக வந்தது. அந்தக் குழுவில் இருந்த பார்பரா ஹாரிஸ்-வைட் அப்போது ஆரணியின் நெல் வியாபாரத்தைப் பார்க்க ஆரம்பித்தவர். அதோடு போய்விடவில்லை. நாற்பது ஆண்டுகள் அதே ஆரணிக்குத் திரும்பத் திரும்ப வந்தார். மண்டி, அரிசி ஆலை, பட்டுத்தறி என்று ஒரு சிறு நகரத்தின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தார். 2016இல் கூட ஆரணியைப் பற்றி அவர் தொகுத்த நூல் ஒன்று வந்திருக்கிறது. அவர் பொருளியல்காரர், மானிடவியல்காரர் இல்லை என்று சொல்லாதீர்கள். ஒரு ஊரை நாற்பது ஆண்டு பார்த்தவரிடம் துறையின் பெயரைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? வேலூரிலிருந்து ஆரணிக்கு டவுன் பஸ் மாதிரி பஸ் ஓடுகிறது. உங்களுக்கு இது தெரியாது. அந்தக் கன்சல்டன்சிக்காரருக்கும் தெரியாது.

அவர் ஏன் ஜவ்வாது மலையைக் காட்டினார் என்பது எனக்குப் புரிகிறது. அவர் மனதில் மானிடவியல் என்றால் எட்கர் தர்ஸ்டன்தான். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் போட்டவர், மனிதர்களை நிற்கவைத்து மூக்கையும் மண்டையையும் அளந்தவர். அந்தக் காலம் போய்விட்டது. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களைப் பற்றி எழுத ஆசை இருந்தால் மலையில் போய் ஆறு மாதம் இருங்கள், தேனும் சாமையும் என்ன விலைக்குக் கீழே இறங்குகின்றன என்று பாருங்கள், நான் வாழ்த்துகிறேன். ஒரு டூர் போய்விட்டு வந்து அவர்களை உங்கள் விண்ணப்பத்துக்கு அலங்காரமாக வைக்காதீர்கள். அது அந்த மக்களுக்குச் செய்யும் அவமரியாதை.

இனி அந்த அரை வரி. "அப்பா சிஎம்சி மருத்துவமனை பக்கம் ஒரு லாட்ஜில் நைட் மேனேஜர்."

என் மாமா ஒருவர் காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன லாட்ஜ் நடத்தினார். கல்லூரி விடுமுறைகளில் நான் அங்கே மேசையில் உட்காருவேன். காட்பாடியில் ஹவுரா ரயில் வந்த கொஞ்ச நேரத்தில் ஜட்காவும் ரிக்‌ஷாவும் வாசலில் நிற்கும். மூட்டை, பாய், தலையணை, ஒரு நோயாளி, கூட இரண்டு மூன்று பேர். மாமா அறையோடு ஸ்டவ்வும் பாத்திரமும் வாடகைக்கு விடுவார். மாலையானால் மாடி முழுக்கக் கடுகெண்ணெயில் மீன் பொரிகிற வாசனை வரும். எங்கள் வீட்டில் அந்த வாசனையைச் சகிக்காத அத்தை, சில வருடங்களில் அவர்களிடம் மீன் குழம்பு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார்.

மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். தொண்டையில் கட்டி. டாக்டர் மகனிடம் சொல்லிவிட்டார். மகன் அப்பாவிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. இரவு கீழே இறங்கி வந்து என் மாமாவிடம் சொன்னான். ஊர் தெரியாத, மொழி சரியாகத் தெரியாத ஒரு லாட்ஜ்காரரிடம். மறுநாள் மாலை அந்தப் பெரியவர் மெதுவாகப் படியிறங்கி வந்து மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து அரைகுறை இந்தியில் கேட்டார், என் மகன் உன்னிடம் என்ன சொன்னான் என்று. மாமா தனக்குத் தெரிந்த நாலைந்து வங்காளிச் சொற்களை வைத்து ஏதோ சமாளித்தார். அவர்கள் ஊர் திரும்பும் வரை தினமும் இது நடந்தது. பெரியவருக்கு மாமாவின் முகத்தைப் பார்த்தே விஷயம் தெரிந்துவிட்டது என்று நான் இன்றும் நினைக்கிறேன். இருந்தும் தினமும் வந்து கேட்டார், மாமாவும் தினமும் சொன்னார்.

ஒரு குடும்பத்தின் மிகப் பெரிய ரகசியம் ஏன் லாட்ஜ் மேசைக்கு வந்து சேர்கிறது? மருத்துவமனை மருத்துவத்தைப் பார்க்கிறது. நோயாளியோடு வந்தவர்கள் அழுவதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் சண்டை போடுவதற்கும் எந்த இடம் இருக்கிறது? ஒரு வாரம் என்று வந்தவர் மூன்று மாதம் தங்கும்போது வாடகையை யார் குறைக்கிறார்கள், எதைப் பார்த்துக் குறைக்கிறார்கள்? அறையில் ஒரு உயிர் போய்விட்டால் அந்த இரவில் முதல் ஃபோன் யாருக்குப் போகிறது? இதில் எதையாவது உங்கள் அப்பாவிடம் நீங்கள் கேட்டதுண்டா?

இன்னொன்று. வெளிநாட்டுக்காரர் அறை எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நடுராத்திரியில் வங்கதேசத்துப் பாஸ்போர்ட்டை விரித்து வைத்து எழுத்துக்கூட்டுகிறவர் உங்கள் அப்பா மாதிரி ஒருவர்தான். எல்லை தாண்டி உள்ளே வந்த ஒரு அந்நியரை இந்திய அரசு ஊருக்குள் பார்ப்பது பெரும்பாலும் இவர் கண் வழியாக. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தபின் விசா இறுகியது. அந்த மாதங்களில் அவர் பதிவேட்டில் எத்தனை பக்கம் காலியாக இருந்தது என்று கேளுங்கள். டாக்கா அரசியல் வேலூரில் ஒரு சந்துக்குள் எப்படி வந்து உட்காருகிறது என்று அவர் உங்களுக்கு வகுப்பே எடுப்பார்.

நோக்க அறிக்கைக்கு வேண்டியது இப்படி ஒரு கேள்விதான். பேராசிரியர்கள் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் படிக்கிறார்கள். சிறு வயதிலிருந்தே எனக்குப் பண்பாடுகள் மீது ஆர்வம் என்று ஆரம்பிக்கும் அறிக்கையை அவர்கள் எத்தனையோ பார்த்திருப்பார்கள். 40,000 ரூபாய்க்குக் கிடைப்பது அதுதான். கேள்வியை எழுதுங்கள். அது உங்களுக்கு எங்கே தட்டுப்பட்டது, இதுவரை யார் என்ன சொல்லியிருக்கிறார்கள், அதில் உங்களுக்கு எது போதவில்லை, அதை எப்படிப் பார்ப்பதாக உத்தேசம் என்று எழுதுங்கள். மருத்துவ மானிடவியல் என்று ஒரு பெரிய கிளையே இருக்கிறது. மருத்துவமனை, நோய், பராமரிப்பு பற்றி எழுதுகிறவர்களைத் தேடிப் படியுங்கள். பிடித்தவருக்குச் செப்டம்பரில் பத்து வரியில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதில் வராவிட்டால் அழாதீர்கள், அடுத்தவருக்குப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அப்பாவின் தூங்காத கண்களைக் காட்டி இரக்கம் வாங்காதீர்கள். ஏழை லாட்ஜ் ஊழியரின் மகள் என்று முதல் பத்தியில் அழுகிற அறிக்கை எனக்குக் கோபத்தை வரவழைக்கும். அவரை விஷயம் தெரிந்த மனிதராக எழுதுங்கள். அவருக்குத் தெரிந்தது அந்தப் பேராசிரியர்களுக்குத் தெரியாது.

வேலூர்ப் பெண் வேலூரைத்தான் ஆராய வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காக்காரர்கள் பிள்ளைகள் உலகில் எந்த ஊருக்கும் வந்து கேள்வி கேட்பார்கள், நம் பிள்ளைகள் அங்கே போயும் நம் ஊரைப் பற்றி மட்டுமே எழுத வேண்டுமா? ஹூஸ்டனில் ஒரு பிரம்மாண்டமான மருத்துவ வளாகம் இருக்கிறது, அதைச் சுற்றியும் வெளியூர் நோயாளிகள் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. அங்கே இரவு மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் போய்க் கேளுங்கள். லாட்ஜ்காரர் மகளுக்குத் தோன்றும் கேள்வி வேறு யாருக்கும் தோன்றாது.

பணத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உண்டு. நீங்கள் அதில் வருவீர்களா என்று பாருங்கள். ஆனால் 2022இல் அதன் விதியை மாற்றி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு எதற்கும் அந்தப் பணம் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். சொந்த ஊரில் ஒடுக்கப்பட்ட ஒரு பிள்ளை அந்த ஊரைப் பற்றி வெளியே போய்ப் படிக்கக் கூடாதாம். இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அமெரிக்கத் துறைகள் தரும் பணத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

விண்ணப்பங்களுக்கான கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் வரும். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவோடு ஒரு இரவு லாட்ஜில் இருக்க வீட்டில் சம்மதித்தால் போய் உட்காருங்கள். சம்மதிக்காவிட்டால் அவர் காலையில் வந்து டீ குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், தினமும் கேளுங்கள். பதிவேட்டை ஃபோட்டோ எடுக்காதீர்கள், நோயாளிகளின் பெயரை எழுதாதீர்கள். அங்கே எந்தப் பல்கலைக்கழகத்திலும் மனிதர்களை ஆராயும் முன் ஒரு குழுவிடம் அனுமதி வாங்கியாக வேண்டும், அந்தப் பழக்கம் இப்போதே வரட்டும். கேட்டதைத் தமிழிலேயே இருபது பக்கம் எழுதுங்கள். எழுத்து மாதிரி என்று ஒன்று கேட்பார்கள், அது இதிலிருந்து பிறக்கும். பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். மூவரில் ஒருவராவது இந்த இருபது பக்கத்தைப் படித்தவராக இருக்கட்டும். கன்சல்டன்சிக்கு முன்பணம் கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்தில் கொண்டுவரும்போது நானும் கூட உட்காருகிறேன்.