வரைவதும் எடுப்பதும்

கேள்வி: என் அக்கா ஓவியர். நான் ஆறு வருடமாகப் புகைப்படம் எடுத்து வருகிறேன். போன மாதம் நண்பர்கள் சேர்ந்து நடத்திய கண்காட்சியில் என் படங்கள் நான்கை வைத்திருந்தேன். பார்த்துவிட்டு அக்கா, "நான் வரைகிறேன், நீ எடுக்கிறாய். வேலையைச் செய்தது கேமராதானே? இதை எப்படிக் கலை என்பது?" என்று கேட்டுவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது மனதைவிட்டுப் போகவில்லை. இப்போது என் படங்களை ஓவியம் போலத் தெரியும்படி கணினியில் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் திருப்தியாக இல்லை. புகைப்படத்தைக் கலை என்று எப்போது ஒப்புக்கொண்டார்கள்? எடுத்த படத்தை எடிட் செய்வது ஏமாற்று வேலையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் "எடுக்கிறாய்" என்ற சொல்லில்தான் நின்றேன். ஓவியத்தை வரைகிறோம், தீட்டுகிறோம். சிலையை வடிக்கிறோம், செதுக்குகிறோம். போட்டோவை மட்டும் எடுக்கிறோம். ஏற்கெனவே அங்கே கிடப்பதைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிற மாதிரி. உங்கள் அக்காவின் கேள்வி முழுவதும் அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் இருக்கிறது.

அவரைத் தப்பு சொல்லமாட்டேன். பெரிய பெரிய ஆட்களே கேட்ட கேள்வி அது. 1859இல் பாரிஸில் நடந்த ஓவியக் கண்காட்சியைப் பற்றி எழுதும்போது கவிஞர் பொதலேர் புகைப்படத்தைக் கடுமையாகத் தாக்கினார். அச்சுத் தொழிலும் சுருக்கெழுத்தும் இலக்கியத்துக்கு உதவுகின்றன, அதற்காக அவை இலக்கியத்தை உண்டாக்கிவிடுவதில்லை. அதேபோல கேமராவும் அறிவியலுக்கும் கலைக்கும் பணிவான வேலையாளாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் வாதம். கண்முன் இருப்பதை அச்சு அசலாகக் காட்டுவதுதான் கலை என்று ஜனங்கள் நினைக்க ஆரம்பித்தால் கற்பனைக்கு இடமே இல்லாமல் போய்விடும் என்று அவர் பயந்தார். அந்தப் பயத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

புகைப்படத்தைக் கண்டுபிடித்தவர்களே அப்படித்தான் பேசினார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த டால்பட் 1833இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில், வரைவதற்கு உதவும் ஒரு கருவியை வைத்துக்கொண்டு காட்சியை வரையப் பார்த்தார். கை வரவில்லை. பிம்பம் தானாகவே காகிதத்தில் பதிந்து நின்றுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அப்போது தோன்றியதுதான், பிறகு நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும் முறையாக வளர்ந்தது. 1844இல் அவர் வெளியிடத் தொடங்கிய புத்தகத்தின் பெயர் 'இயற்கையின் பென்சில்'. பென்சில் இயற்கையின் கையில் இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டால், படம் எடுப்பவருக்கு அதில் என்ன பங்கு என்று யாரும் கேட்கத்தானே செய்வார்கள்?

ஆனால் கேமரா ஒருநாளும் இருப்பதை அப்படியே காட்டியதில்லை. புகைப்படத்தைக் கண்டுபிடித்தவர்களில் இன்னொருவரான தாகர் 1838இல் பாரிஸில் மேல்மாடி ஜன்னலிலிருந்து எடுத்த தெருப் படம் ஒன்று உண்டு. வண்டியும் ஆளுமாக நடமாட்டம் மிகுந்த தெரு அது. தகட்டில் ஒளி பதிய பல நிமிடங்கள் ஆனதால், நகர்ந்துகொண்டிருந்த ஒருவர்கூட அதில் இல்லை. பூட்ஸுக்குப் பாலிஷ் போடக் காலை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்ற ஒருவரின் உருவம் மட்டும் பதிந்திருக்கிறது. அந்தத் தெரு அப்படி வெறிச்சோடி இருந்ததே இல்லை. படத்தில் மட்டும்தான் அப்படி.

அப்புறம் வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நீங்கள் இப்போது கணினியில் செய்துகொண்டிருப்பதையே செய்தார்கள். ஓவியம்தான் கலை என்றால் போட்டோவை ஓவியமாக்கிவிடுவோம் என்று இறங்கினார்கள். ரெய்லாண்டர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒன்றாகச் சேர்த்து, நல்வழி, தீயவழி என்று இரண்டு பாதைகளைக் காட்டும் ஒரு பெரிய படத்தை உருவாக்கினார். அடுத்த வருடம் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களை இணைத்து, சாகக் கிடக்கும் ஓர் இளம்பெண்ணையும் சுற்றி நிற்கும் குடும்பத்தையும் காட்டினார். பார்த்தவர்களில் பலர், ஒரு வீட்டின் துக்கத்தைப் போய்ப் படம் எடுப்பதா என்று முகம் சுளித்தார்கள். அதில் இருந்தவர்கள் நடித்தவர்கள். அதே காட்சியை ஓவியர் வரைந்திருந்தால் ஒருவரும் கோபப்பட்டிருக்க மாட்டார்கள். எனக்கு இது மிக முக்கியமான இடமாகப் படுகிறது. போட்டோவில் இருப்பது நிஜமாக நடந்தது என்ற நம்பிக்கை பார்ப்பவருக்குள் இருக்கிறது. ஓவியத்துக்கு அந்தப் பலம் இல்லை. ஓவியத்தைப் போலச் செய்யப் போனவர்கள் தங்கள் கையில் இருந்த அந்தப் பலத்தைக் கவனிக்கவில்லை.

கவனித்தவர் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜூலியா மார்கரெட் கேமரூன். 1863 டிசம்பரில், அவருடைய 48ஆவது வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். நிலக்கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறையாக்கினார். கண்ணாடி போட்ட கோழிக்கூண்டை ஸ்டூடியோவாக்கினார். அன்றைய முறையில் கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். கை கறுக்கும், தகடு கீறும், தூசி ஒட்டும். அவர் படங்களில் இதெல்லாமே தெரியும். ஃபோகஸ் சரியில்லை, வேலை சுத்தமில்லை என்று அன்றைய புகைப்படக்காரர்கள் குறை சொன்னார்கள்.

அவர் பிற்பாடு எழுதி வைத்த குறிப்பில் ஒரு விஷயம் சொல்கிறார். லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது, தன் கண்ணுக்கு மிக அழகாகத் தெரிகிற இடம் வந்ததும் நிறுத்திவிடுவாராம். மற்றவர்கள் வற்புறுத்துகிற அந்தக் கூர்மை வரைக்கும் திருகிக்கொண்டு போகமாட்டாராம். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. லென்ஸ் எல்லோருக்கும் ஒன்றுதான். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர் தேர்ந்தெடுத்தார். பாருங்கள், தேர்ந்தெடுப்பதிலும் அதே "எடு"தான் இருக்கிறது. அக்கா சொன்னது சரி, நீங்கள் எடுக்கத்தான் செய்கிறீர்கள். எதிலிருந்து எதை எடுக்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

கேமரூன் எடுத்த விஞ்ஞானி ஹெர்ஷலின் முகத்தை ஒரு தடவை தேடிப் பாருங்கள். இருட்டிலிருந்து நரைத்த தலை மட்டும் எழுந்து வருகிறது. அதை ஓவியம் போல இருக்கிறது என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அந்த மனிதர் அந்தக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பது ஒவ்வொரு சுருக்கத்திலும் தெரிகிறது.

எப்போது ஒப்புக்கொண்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே நாளில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நீதிமன்றத்தில் நடந்த கதை ஒன்று இருக்கிறது. நியூயார்க்கில் ஸ்டூடியோ வைத்திருந்த நெப்போலியன் சரோனி 1882இல் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டைப் படம் எடுத்தார். ஒரு அச்சு நிறுவனம் அவரைக் கேட்காமலே அதில் 85,000 பிரதிகள் போட்டுவிட்டது. வழக்கு வந்தபோது அந்த நிறுவனம் சொன்ன பதில் உங்கள் அக்காவின் வாக்கியம்தான்: படம் இயந்திரம் செய்தது, அதற்கு ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது. 1884இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வைல்டை உட்கார வைத்தது, உடையையும் திரையையும் அமைத்தது, ஒளியையும் நிழலையும் முறைப்படுத்தியது, முகத்தில் வேண்டிய பாவத்தை வரவழைத்தது எல்லாம் சரோனியின் மனதில் உருவானவை, ஆகவே அவர்தான் ஆசிரியர் என்றது. சாதாரணமாக எடுக்கிற எல்லாப் படத்துக்கும் இது பொருந்துமா என்பதை நீதிபதிகள் அப்போது முடிவு செய்யவில்லை. அது நியாயமான எச்சரிக்கை என்றே நினைக்கிறேன்.

1888இல் கோடாக் கேமரா வந்து, பொத்தானை அழுத்தத் தெரிந்த எல்லோரும் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். அதனால் கலைஞர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் இன்னும் அதிகமாக ஓவியத்தின் பக்கம் ஒதுங்கினார்கள். பிரிண்டின் மேல் தூரிகைத் தடம் தெரிய வேலை செய்தார்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸ் 1902இல் ஒரு குழுவைத் தொடங்கி, அடுத்த வருடம் ஒரு பத்திரிகையும் ஆரம்பித்து, புகைப்படத்துக்குக் கலை அந்தஸ்து கேட்டுப் போராடினார். ஆரம்பத்தில் அந்தப் பத்திரிகையில் வந்தவையும் பெரும்பாலும் மங்கலான, ஓவியத்தனமான படங்களே. 1917இல் வந்த கடைசி இதழில் பால் ஸ்ட்ராண்டின் கூர்மையான, ஒளிவுமறைவில்லாத படங்கள். பதினான்கு வருடத்தில் அந்த ஒரு பத்திரிகைக்குள்ளேயே திருப்பம் நடந்துவிட்டது. 1930இல் எட்வர்ட் வெஸ்டன் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படத்தைப் பாருங்கள். அதன் வளைவுகள் மனித உடம்பு போலத் தெரியும், ஆனாலும் அது குடைமிளகாய்தான் என்பது ஒரு நொடியும் மறக்காது. 1940இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் புகைப்படத்துக்கென்று தனித் துறையே தொடங்கியது.

சரி, அத்தோடு முடிந்ததா? அதே அருங்காட்சியகம் 1976இல் வில்லியம் எகிள்ஸ்டனின் கலர் படங்களை வைத்தபோது விமர்சகர்கள் பலர் திட்டித் தீர்த்தார்கள். கறுப்பு வெள்ளை கலையாகிவிட்டது, கலர் இன்னும் ஆகவில்லை என்ற நிலை. ஆகவே ஒப்புக்கொண்ட தேதி என்று ஒன்றை எடுத்து அக்காவிடம் காட்ட முடியாது.

அட்ஜேயையும் நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பாரிஸின் தெருக்களையும் கடை வாசல்களையும் படிக்கட்டுகளையும் வருடக்கணக்கில் எடுத்தவர். தன் படங்களை ஓவியர்களுக்கு உதவும் ஆவணங்கள் என்று சொல்லித்தான் விற்றார். பொதலேர் சொன்ன அந்தப் பணிவான வேலையைத்தான் செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1927இல் அவர் இறந்த பிறகு, பெரனிஸ் அபாட் என்ற புகைப்படக் கலைஞர் ஸ்டூடியோவில் மிஞ்சியிருந்தவற்றை வாங்கிப் பல வருடங்கள் காப்பாற்றினார். 1968இல் அவை அந்த நியூயார்க் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கலை என்ற சொல்லுக்காக அட்ஜே காத்திருக்கவில்லை. விடியற்காலை ஒளியில் ஒரு காலித் தெருவின் எந்த மூலையில் நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எடிட் செய்வது ஏமாற்றா என்ற கேள்விக்கு வருகிறேன். இருட்டறையில் வேலை பழகிய காலத்தில், ஒரே நெகட்டிவை நானும் என் நண்பரும் தனித்தனியாகப் பிரிண்ட் போட்டோம். அவருடையதில் வானம் இடி வரப்போகிற மாதிரி இருந்தது, என்னுடையதில் மதியம் போல இருந்தது. இரண்டுமே பொய் இல்லை. பியானோ கற்றவரான அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரிண்டை அதை வாசிப்பதற்கும் ஒப்பிட்டார். 1941இல் எடுத்த நிலவுதயப் படத்தை அவர் பல வருடங்கள் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். போகப் போக வானம் கறுத்துக்கொண்டே வந்தது. ஆகவே வெளிச்சத்தைக் கூட்டுங்கள், குறையுங்கள், ஓரத்தை வெட்டுங்கள். செய்தி என்று ஒரு படத்தைக் கொடுக்கும்போது மட்டும், இல்லாததைச் சேர்க்கவும் கூடாது, இருந்ததை அழிக்கவும் கூடாது. அந்த விஷயத்தில் நான் பிடிவாதமானவன்.

தூரிகைத் தடம் போடுகிற அந்த மென்பொருளை மூடிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். உங்களுக்கே திருப்தி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கண் சரியாகத்தான் வேலை செய்கிறது. அதற்குப் பதிலாக, ஆறு வருடப் படங்களில் நீங்கள் ஒதுக்கிவைத்தவற்றைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றையும் ஏன் ஒதுக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். இருபது முப்பது படங்களுக்குள் உங்கள் கண் எதைத் தேடுகிறது என்பது உங்களுக்கே பிடிபட ஆரம்பிக்கும்.

அப்புறம் அக்கா வரையும்போது அவரைப் படம் எடுங்கள். பளிச்சென்ற விளக்கு வேண்டாம், பக்கவாட்டிலிருந்து வருகிற ஜன்னல் வெளிச்சம் போதும். முதல் அரை மணி நேரம் கேமரா இருப்பது அவருக்கு உறுத்தும், முகத்தைச் சரிசெய்துகொண்டே இருப்பார். அவர் வேலையில் ஆழ்ந்து உங்களை மறக்கும்வரை காத்திருங்கள். நிறைய எடுத்து, அதிலிருந்து ஒன்றே ஒன்றைப் பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுங்கள். கலையா இல்லையா என்று கேட்காதீர்கள். மற்றவற்றை விட்டுவிட்டு ஏன் இதை மட்டும் கொடுத்தாய் என்று அவர் கேட்டால், அந்தப் பதிலை எனக்கும் எழுதுங்கள்.