சாயங்காலம் போட்ட மெசேஜ் காலையில்தான் வருகிறது: பிரிட்ஜில் எங்கே சிக்கல்?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ அப்பர் தைக்கும் தொழிற்சாலை எங்களுடையது. கிடங்கு சர்வரில் ஆக்டிவ்எம்க்யூ, சென்னை தலைமை அலுவலகத்தில் ஐபிஎம் எம்க்யூ; இரண்டும் மெசேஜ்களை க்யூ என்ற வரிசையில் வைத்துக் கொடுக்கும் மென்பொருள்கள். நடுவில் மெசேஜை அங்கிருந்து இங்கே மாற்ற நாங்களே ஜாவாவில் எழுதிய பிரிட்ஜ், 50 மெசேஜுக்கு ஒரு கமிட் (அதுவரை போட்டதை உறுதியாக்குவது). பகலில் டெஸ்பாட்ச் (சரக்கு அனுப்பும்) விவரங்கள் ஒழுங்காகப் போகின்றன. சாயங்காலம் கடைசியாகப் போடும் பத்து இருபது மட்டும் சென்னையில் தெரிவதில்லை. மறுநாள் வேலை தொடங்கியதும் தானாக வந்துவிடுகின்றன. லாகில் எரர் இல்லை. நடுவில் பிரிட்ஜை ரீஸ்டார்ட் செய்தால் சில மெசேஜ் இரண்டு முறை வருகிறது. தமிழ் ஊர்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக விழுகின்றன. என்ன செய்வது?

பதில்: முதலில் ரீஸ்டார்ட் செய்வதை நிறுத்துங்கள். தடயம் அதில்தான் அழிகிறது. இணைப்பைச் சந்தேகிக்கவும் வேண்டாம். எம்க்யூவின் 1414 போர்ட் அடைபட்டிருந்தாலோ அனுமதி இல்லாவிட்டாலோ 2059, 2035 போன்ற பிழை எண்கள் லாகில் வந்திருக்கும். பகலிலும் ஒன்றும் போயிருக்காது.

மெசேஜ் காணாத நேரத்தில் சென்னையில் உள்ளவரிடம் அந்த க்யூவின் 'கரண்ட் டெப்த்' (க்யூவில் உள்ள மெசேஜ் எண்ணிக்கை) எவ்வளவு என்று கேளுங்கள். 12 என்பதுபோல் ஒரு எண் காட்டும். ஆனால் பிரவுஸ் செய்தால் ஒன்றும் தெரியாது. கமிட் ஆகாத மெசேஜையும் அந்த எண்ணிக்கை சேர்த்துக்கொள்வதுதான் காரணம். உறுதி செய்ய 'டிஸ்ப்ளே க்யூஸ்டேட்டஸ்' கட்டளையில் 'அன்காம்' என்ற இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 'நோ' தவிர வேறெது இருந்தாலும் டிரான்சாக்ஷன் (ஒரே கமிட்டில் முடிய வேண்டிய மெசேஜ் தொகுப்பு) திறந்தே கிடக்கிறது என்று பொருள்.

உங்கள் பிரிட்ஜ் ஐம்பதாவது மெசேஜுக்காகக் காத்திருக்கிறது. அடுத்த மெசேஜை எடுக்கும் 'ரிசீவ்' அழைப்பை நேர வரம்பு இல்லாமல் எழுதியிருப்பீர்கள். அடுத்தது வரும்வரை அந்த வரியிலேயே நிற்கும். வரம்பாக 1000 மில்லிசெகண்ட் கொடுங்கள். 'நல்' (மெசேஜ் இல்லை) திரும்பி வந்து, கையில் கமிட் ஆகாதது இருந்தால் உடனே கமிட் செய்யுங்கள். இத்தனை சின்ன மாற்றம்தான், ஆனால் தள்ளிப்போடக் கூடாதது: இரவு முழுக்கத் திறந்திருக்கும் டிரான்சாக்ஷன் எம்க்யூவை நடத்தும் க்யூ மேனேஜரின் லாக் இடத்தைப் பிடித்துவைக்கும், இடம் தீர்ந்தால் க்யூ மேனேஜரே அதை ரோல்பேக் செய்துவிடும், அதாவது கமிட் ஆகாததைத் திரும்பப்பெற்றுவிடும்.

இரண்டு முறை வருவது கமிட் வரிசையால். சென்னைப் பக்கம் கமிட் ஆகி, ஆக்டிவ்எம்க்யூ பக்கம் ஆவதற்குள் பிரிட்ஜ் நின்றால் அதே மெசேஜ் மறுபடி படிக்கப்படும். வரிசையை மாற்றிவிடாதீர்கள், மாற்றினால் இரட்டிப்புக்குப் பதில் இழப்பு வரும், அது இன்னும் மோசம். இரு பக்கத்தையும் ஒன்றாகக் கமிட் செய்யும் எக்ஸ்ஏ டிரான்சாக்ஷன் ஒரு வழி. உங்கள் அளவுக்கு அது பாரம் என்றே நினைக்கிறேன். டெஸ்பாட்ச் எண்ணை வைத்துச் சென்னையில் இரண்டாவதைத் தள்ளிவிடுவது போதும். மெசேஜ் ஐடியை நம்ப வேண்டாம்: எம்க்யூ தன் 24 பைட் ஐடியைப் புதிதாகப் போடும், பழையது கூட வராது. டெஸ்பாட்ச் எண்ணை ப்ராபர்ட்டியில் (மெசேஜோடு ஒட்டிப் போகும் தனிக் குறிப்பு) வைக்காமல் மெசேஜின் உள்ளேயே வையுங்கள். ஜேஎம்எஸ் (ஜாவாவின் மெசேஜ் முறை) தெரியாத பழைய நிரலுக்காக 'டார்கெட் க்ளையண்ட்' அமைப்பை எம்க்யூ என்று வைத்தால் ப்ராபர்ட்டிகளைச் சுமக்கும் ஆர்எஃப்எச்2 ஹெடரோடு அவையும் இழந்துபோகும்.

ஆக்டிவ்எம்க்யூ பக்கம் ரோல்பேக் ஆன மெசேஜ் இயல்பாக 6 முறை திரும்ப அனுப்பப்படும், அதற்குமேல் சேர முடியாதவற்றை ஒதுக்கும் 'ஆக்டிவ்எம்க்யூ.டிஎல்க்யூ' க்யூவுக்குப் போகும். 8161 போர்ட்டில் உள்ள வெப் கன்சோலில் அதைத் தினமும் ஒருமுறை பாருங்கள்.

கேள்விக்குறிக்கு வருவோம். சென்னை க்யூவில் உள்ள மெசேஜை எம்க்யூவின் 'ஏஎம்க்யூஎஸ்பிசிஜி' கருவியால் ஹெக்ஸில் (பைட்டுகளைப் பதினாறடிமான எண்ணாக) பாருங்கள். ஈ0 ஏஈ, ஈ0 ஏஎஃப் என்று தொடங்கும் மும்மூன்று பைட்டுகள் தெரிந்தால் தமிழ் பத்திரமாக இருக்கிறது, காட்டும் திரையில்தான் பிழை. வரிசையாக 3எஃப் (கேள்விக்குறியின் எண்) என்று இருந்தால் எழுத்து வழியிலேயே அழிந்துவிட்டது, மீட்க முடியாது. பெரும்பாலும் பிரிட்ஜில் எழுத்தைப் பைட்டாக்கும் 'கெட்பைட்ஸ்' என்பதற்கு எழுத்துக் குறியீட்டு முறை கொடுக்காததே காரணம். ஜாவா 18க்கு முந்தைய பதிப்புகள் சர்வரின் இயல்பு அமைப்பை எடுத்துக்கொள்ளும். கையால் ஓட்டினால் சரியாக வருவதும், சர்வீஸாக ஓட்டினால் கெடுவதும் இதனால்தான். யூடிஎஃப்-8 என்று நேராக எழுதுங்கள். எம்க்யூ பக்கம் சிசிஎஸ்ஐடி (எழுத்துக் குறியீட்டு எண்) 1208 வையுங்கள், அது யூடிஎஃப்-8தான்.

சரிசெய்தபின் இன்னொன்று கிளம்பலாம். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. 'வேலூர்' 18 பைட், 'ஆம்பூர்' 21. 'வாணியம்பாடி' 33. சென்னை நிரலில் ஊர்ப் பெயருக்கு 30 பைட் ஒதுக்கியிருந்தால் வேலூர் அடங்கும், வாணியம்பாடி உடையும், அதன் பின்னுள்ள அளவு, விலை எல்லாம் 3 பைட் நகர்ந்துவிடும். மாற்றத்தை ஏற்றும் முன் அந்த இடத்தின் நீளத்தைக் கேட்டுக்கொண்டு, சோதனை மெசேஜை வாணியம்பாடி என்ற பெயரோடு அனுப்பிப் பாருங்கள்.