வெளியில் நின்று கீறுவது, கண்காட்சி வைப்பது, படம் வாங்குவது: கேட்டவர்களுக்குப் பதில்

யாழ்ப்பாணத்தில் என் நிலக்காட்சிப் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது வாசல் மேசையில் ஒரு கொப்பி வைத்திருந்தேன், பாராட்டு எழுத வேண்டாம், கேள்வி எழுதுங்கள் என்று. மூன்று நாளில் கொப்பி நிறைந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பிலும் கொஞ்சம் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கோண்டாவில் மாணவி: மாஸ்டர், வெளியில் கீற எந்த நேரம் நல்லது? பள்ளி விட்டு மத்தியானம் போனால் எல்லாம் தட்டையாகத் தெரிகிறது.

அது உங்கள் கண்ணின் பிழை இல்லை, பிள்ளை. எங்கள் நிலமே தட்டை. மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை, ஆகவே நிழல் விழுந்தால்தான் எது முன்னே எது பின்னே என்று தெரியும். ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வரும். பனையின் நிழல் பனையின் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். விடியப்புறம் ஆறிலிருந்து எட்டரை வரை, பின்னேரம் நாலரைக்குப் பிறகு, இந்த இரண்டு நேரம்தான் எங்களுக்கு. பின்னேரம் என்றால் பண்ணைக் கடற்கரைக்குப் போங்கள். கோட்டைக்குப் பக்கத்தில் நின்று மண்டைதீவுப் பக்கம் பார்த்தால் சூரியன் கடலுக்குள் இறங்குவதும், மீன் பிடிக்க நட்ட சிறகுவலைத் தடிகள் கறுப்பாக நிற்பதும் தெரியும். ஆனால் இருட்டு இங்கே சட்டென்று விழும். அரை மணித்தியாலத்துக்குள் முடிக்கக்கூடிய சின்னப் பேப்பரோடு போங்கள்.

இன்னொன்று, தட்டையான நிலத்தில் வானம்தான் பெரிய ஆள். பேப்பரில் மூன்றில் இரண்டு பங்கை வானத்துக்குக் கொடுக்கப் பயப்பட வேண்டாம். கொன்ஸ்டபிள் என்ற ஆங்கிலேய ஓவியர் 1821, 1822இல் லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ஸ்ரெட் மேட்டில் நின்று வெறும் முகில்களை மட்டும் எத்தனையோ தடவை கீறினார். பல படங்களின் பின்பக்கத்தில் திகதி, நேரம், காற்று எந்தப் பக்கம் என்பதையும் எழுதிவைத்தார். நானும் அதைச் செய்கிறேன்: "சோளகம், காலை 7.10, தொண்டமானாறு" என்று. பத்து வருடம் கழித்து அந்த ஒரு வரியைப் பார்த்தால் அன்றைய காற்று திரும்ப முகத்தில் அடிக்கும்.

சுன்னாகம்: வோட்டர்கலர் தொடங்கப் போகிறேன். என்னென்ன வாங்க வேண்டும்? ஆயிரக்கணக்கில் செலவழிக்க வசதியில்லை.

காசைப் பேப்பரில் போடுங்கள், மற்றதில் மிச்சம் பிடியுங்கள். பெயின்ற் மலிவாக இருந்தாலும் சமாளிக்கலாம், பேப்பர் மலிவென்றால் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் படம் சேறாகிவிடும். சதுர மீற்றருக்கு 300 கிராம் தடிப்பு, முடிந்தால் பருத்திப் பேப்பர். முழுத்தாள் 22க்கு 30 அங்குலம் வரும், அதை எட்டாக வெட்டி வைத்தால் எட்டு நாள் வேலை.

நிறம் ஆறு போதும். அல்ற்றாமரின் நீலம், இன்னொரு குளிர்ந்த நீலம், யெல்லோ ஓக்கர், ஒரு எலுமிச்சை மஞ்சள், பேர்ன்ற் சியென்னா, ஒரு சிவப்பு. பச்சையை ரியூப்பில் வாங்கவே வேண்டாம். ரியூப் பச்சையில் பனையைக் கீறினால் அது பிளாஸ்ரிக் மரம் போல நிற்கும். பனையோலை உண்மையில் பச்சை இல்லை, வானத்தை வாங்கிச் சாம்பலும் நீலமுமாக மினுங்கும். அல்ற்றாமரினும் ஓக்கரும் கலந்தால் கிட்ட வரும். செம்மண்ணுக்குப் பேர்ன்ற் சியென்னாவோடு கொஞ்சம் சிவப்பு, அதன் நிழலுக்குள் கொஞ்சம் நீலம். பண்ணைக் கடலையும் நீலமாக்க வேண்டாம். ஆழமில்லாத தண்ணீர், அடியில் சாதாளை என்ற கடற்புல் கிடக்கிறது, பாதி நாள் அது பச்சையும் மண்ணிறமும்தான். வாங்கும்போது அலிசரின் கிரிம்சனை மட்டும் தவிருங்கள், வெளிச்சத்தில் வெளிறிப்போகும் நிறம்.

தண்ணீரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, கேத்தலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வெள்ளை கடும் நிறங்களின் மேல் மெல்லிய மாப்போலப் படியலாம். மாரியில் நாலு போத்தல் மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். குடை கொண்டுபோனால் கறுப்போ வெள்ளையோ கொண்டுபோங்கள், சிவப்புக் குடையின் கீழ் இருந்தால் பேப்பரும் சிவக்கும். பேப்பரில் நேர் வெயில் பட விட வேண்டாம். கண் கூசி எல்லாவற்றையும் கருமையாகப் போட்டுவிடுவீர்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால்தான் தெரியும்.

மானிப்பாய்: போனில் படம் எடுத்து வீட்டிலிருந்து கீறினால் என்ன?

கீறலாம், குற்றமில்லை. ஆனால் நேரில் கீறிப் பழகியவருக்குத்தான் போட்டோ உதவும். போன் வானத்தைச் சரியாகப் பிடித்தால் வேலியடி நிழலைக் கறுப்பாக்கிவிடும், நிழலைப் பிடித்தால் வானம் வெள்ளையாகிவிடும். அந்த நிழலுக்குள் எத்தனை நிறம் இருந்தது என்று நேரில் நின்ற கண்ணுக்குத்தான் தெரியும்.

வல்வெட்டித்துறை: றோட்டில் நின்று கீறினால் சனம் கூடுகிறது, கூச்சமாக இருக்கிறது. இராணுவ முகாம் பக்கம் நின்றால் பிரச்சினை வருமா?

சனம் கூடட்டும் தம்பி. முதல் பத்து நிமிடம்தான் கூச்சம். மதிலுக்கு முதுகைக் கொடுத்து இருந்தால் பின்னால் வந்து நிற்க மாட்டார்கள். நெடுந்தீவில் நான் கல்வேலி கீறிக்கொண்டிருந்தபோது ஒரு வயதானவர் வந்து, "முருகைக்கல்லை இப்படி அடுக்கினால் வேலி விழுந்துவிடும்" என்றார். பார்த்தால் அவர் சொன்னது சரி. நான் கல்லின் வடிவத்தைப் பார்த்திருந்தேனே தவிர, எந்தக் கல் எதைத் தாங்குகிறது என்று பார்க்கவில்லை. அழித்துத் திரும்பக் கீறினேன். முகாம் பக்கம் என்றால், முகாமை நோக்கி ஸ்ராண்டை வைக்க வேண்டாம், அடையாள அட்டை பையில் இருக்கட்டும், கேட்டால் படத்தைக் காட்டுங்கள். தனியார் வளவென்றால் படலையில் நின்று கேட்டுவிட்டே உள்ளே போங்கள். அநேகமாகத் தேத்தண்ணீரும் கிடைக்கும்.

பெயர் எழுதாதவர்: இவ்வளவு நடந்த மண்ணில் இருந்துகொண்டு பனையும் கடலும் கீறுகிறீர்களே, போரைக் கீற மனம் வரவில்லையா?

இந்தக் கேள்வியை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்காட்சியில் உள்ளே இடது கைப்பக்கம் இருந்த நாலு படங்களைப் பார்த்தீர்களோ தெரியாது, தென்மராட்சியில் கீறியவை. பனைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துத்தான். தென்னையும் அப்படித்தான். செல் குண்டு விழுந்து தலை போனால் பக்கத்தால் துளிர்க்காது, மரம் செத்துவிடும், ஆனால் தண்டு வருடக்கணக்காக நிற்கும். அப்படி நின்ற மொட்டைப் பனைகளை 2002இல் போய்க் கீறினேன், அவற்றுக்கிடையில் வடலிகள் முழங்கால் உயரத்தில் நின்றன. இப்போது அதே இடத்தில் அந்த வடலிகள் மரமாகிவிட்டன, மொட்டைகள் விழுந்துவிட்டன. படம் இல்லாவிட்டால் அங்கே என்ன நின்றது என்று சின்னப் பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நான் நிலத்தைத்தான் கீறுகிறேன். நடந்தது எல்லாம் அதற்குள் இருக்கிறது.

யாழ். திருநெல்வேலி, நுண்கலை மாணவன்: முதல் கண்காட்சி வைக்க ஆசை. எத்தனை படம் வேண்டும்? எங்கே, எப்போது வைக்கலாம்?

இருபதிலிருந்து இருபத்தைந்து படம் போதும். என் முதல் கண்காட்சியில் எழுபத்தொரு படம் மாட்டினேன், ஒருவரும் ஒரு படத்தின் முன்னாலும் நிற்கவில்லை, கோவில் வீதியைச் சுற்றுவது போலச் சுற்றிவிட்டுப் போனார்கள். நல்லதை மட்டும் தெரிவு செய்யுங்கள். தெரிவை நீங்கள் தனியாகச் செய்யவும் வேண்டாம், உங்களோடு சண்டை பிடிக்கக்கூடிய ஒரு நண்பரைக் கூப்பிடுங்கள்.

இடம் பாடசாலை மண்டபமாகவும் இருக்கலாம், வாசிகசாலையாகவும் இருக்கலாம். பெரிய காட்சிக்கூடம் கிடைக்கவில்லை என்று காத்திருக்க வேண்டாம். எங்கள் மூத்த ஓவியர் எஸ்.ஆர். கனகசபை அவர்கள், இலங்கையில் ஓவியக் கல்வி அதிகாரியாக இருந்த வின்சரின் பெயரில் ஓவியக் கழகம் நடத்திய காலத்திலும் சரி, மாற்கு மாஸ்டர் விடுமுறை ஓவியர் கழகத்தில் பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கிய காலத்திலும் சரி, இங்கே எல்லாம் இருந்த இடத்தில்தான் நடந்தன. காலம் என்றால் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஊரில் நிற்பார்கள், பின்னேரங்களில் சனம் எப்படியும் அந்தப் பக்கம் வரும்.

மாட்டும்போது எல்லாப் படத்தின் நடுப்பகுதியும் நிலத்திலிருந்து ஏறக்குறைய 58 அங்குலத்தில் வரட்டும், மேல் விளிம்பைச் சமப்படுத்தப் பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் பெயர், ஊடகம், அளவு, வருடம், விலை. விலையைக் கேட்க வெட்கப்பட்டுத் திரும்பிப் போகிறவர்கள் எங்கள் ஊரில் அதிகம், எழுதிப் போட்டுவிடுங்கள். கொழும்பில் கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தை 1993இல் தொடங்கியது. அங்கே ஓவியர் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று நேரடியாக விற்கிறார். ஒரு தடவை போய் மற்றவர்கள் எப்படிக் கதைத்து விற்கிறார்கள் என்று பாருங்கள், அதுவே ஒரு படிப்பு.

அவரே: விலை எப்படிப் போடுவது?

சதுர அங்குலக் கணக்கில் போடுங்கள். 11க்கு 15 படம் 165 சதுர அங்குலம். அங்குலத்துக்கு நூறு ரூபாய் என்றால் 16,500. பிரேம் காசு தனி. அழுது அழுது கீறிய படத்துக்குக் கூடிய விலை, சும்மா வந்த படத்துக்குக் குறைந்த விலை என்று போட்டால் வாங்குகிறவர் குழம்புவார். ஒரு படம் மனதுக்கு மிகவும் நெருக்கமென்றால் "விற்பனைக்கல்ல" என்று எழுதிவிடுங்கள். காட்சிக்கூடம் விற்றுக் கொடுத்தால் பங்கு கேட்கும், பல இடங்களில் பாதி வரையும் போகும். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் நண்பருக்கு விற்கும்போதும் காட்சிக்கூட விலையிலேயே நில்லுங்கள், இல்லாவிட்டால் கூடிய விலைக்கு வாங்கியவருக்குத் துரோகம்.

கொக்குவில்: "கையால் கீறியது" என்று சொல்லி ஒரு கன்வஸ் படம் விற்றார்கள். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

ரோச் லைற்றைப் படத்துக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். பிறஷ் போன தடம் மேடு பள்ளமாகத் தெரிய வேண்டும், அதுவும் கீறிய உருவத்தோடு சேர்ந்து ஓட வேண்டும். பூதக்கண்ணாடியில் சின்னச் சின்ன நிறப்புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. அச்சுப் படம் வாங்குவதில் பிழையில்லை, அச்சுக்குரிய விலை கொடுத்தால்.

நல்லூர், ஒரு அம்மா: போன வருடம் வாங்கிய படத்தில் மண்ணிறப் புள்ளி விழுகிறது. என்ன செய்ய?

அது பூஞ்சணம், அம்மா. எந்தச் சுவரில் மாட்டினீர்கள்? மாரி மழை அடிக்கும் வெளிச்சுவர் என்றால் இன்றே கழற்றுங்கள். எங்கள் பழைய வீட்டுச் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சி உப்புப் பூப்பவை. உள்சுவரில், வெயில் நேரே படாத இடத்தில் மாட்டுங்கள். பிரேமின் பின்னால் கீழ் மூலைகள் இரண்டிலும் போத்தல் தக்கையை வட்டமாக வெட்டி ஒட்டினால் படத்துக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுப் போகும். கண்ணாடி பேப்பரில் முட்டக்கூடாது, இடையில் மவுண்ட் போட் என்ற தடித்த அட்டை இருக்க வேண்டும், அதுவும் அமிலமில்லாத போட் என்று கேட்டு வாங்குங்கள். பின்னால் ஹார்ட்போட்டை நேரே வைத்து அடித்துத் தந்தால் சில வருடத்தில் பேப்பர் மஞ்சளாகும். புள்ளியைத் துடைக்கவோ வெயிலில் காயவைக்கவோ வேண்டாம். பிரேமைக் கழற்றி, காற்றோட்டமான அறையில் நிழலில் வைத்துவிட்டு என்னிடம் கொண்டுவாருங்கள். கறையானுக்கு மாதத்துக்கு ஒரு தடவை பின்பக்கத்தைப் பார்த்தால் போதும்.

ரொறன்ரோ: ஒயில் படம் ஒன்றை இங்கே கொண்டுவர வேண்டும், பிரேமோடு அனுப்பவா?

பிரேமை விட்டுவிடுங்கள், அங்கே போடலாம். நன்றாகக் காய்ந்த படத்தை, கன்வஸை இழுத்து அடித்த உள் மரச்சட்டத்திலிருந்து கழற்றி, பெயின்ற் பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் சுற்றுங்கள். உள்ளே இருக்கச் சுற்றினால் பெயின்ற் நசுங்கி வெடிக்கும். கீறி ஆறு மாதமாவது ஆகாத ஒயில் படத்தைச் சுற்றவே வேண்டாம். வோட்டர்கலர் என்றால் இரண்டு தட்டையான போட்டுக்கு நடுவில்.

அவரே: வாங்கிய படத்தை எங்கள் சங்கக் கலண்டரில் போடலாமா?

ஓவியரைக் கேட்டுத்தான். படம் உங்களுடையது, பிரதி எடுக்கும் உரிமை அவருடையது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, அவர் காலமான பின்னும் 70 வருடம் அது குடும்பத்திடம் இருக்கும். கேட்டால் அநேகமானவர்கள் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள், பெயரை மட்டும் சரியாகப் போடுங்கள்.

லண்டன்: தாத்தாவின் வீட்டிலிருந்து வந்த ஒரு கீரிமலைப் படம் இருக்கிறது. கையெழுத்து இல்லை. யார் கீறியதென்று கண்டுபிடிக்க முடியுமா? பிரேம் உக்கிப்போய்விட்டது, மாற்றவா?

மாற்ற வேண்டாம், இப்போதைக்குத் தொடவே வேண்டாம். 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது நான் இரண்டு ரங்குப்பெட்டி நிறையப் படங்களை வீட்டில் விட்டுவிட்டு ஒரு சைக்கிளோடு போனேன், திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. என்னுடையவை போகட்டும், என் ஆசிரியர்களுடையவையும் அதற்குள் இருந்தன. ஆகவே தப்பி நிற்கும் ஒரு படம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். பிரேமோடு அப்படியே கவிழ்த்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். பிரேம் போட்ட கடையின் சீட்டு ஒட்டியிருக்கலாம், பாடசாலை முத்திரை இருக்கலாம், கண்காட்சி இலக்கம் பென்சிலில் இருக்கலாம். பின்னால் பழைய பத்திரிகைத் தாள் ஒட்டியிருந்தால் அதில் திகதி இருக்கும், அதைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். தாத்தா எங்கே வேலை செய்தார், யாரிடம் படித்தார் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதிவையுங்கள். படத்தில் கேணிக் கட்டும் படிகளும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதும் காலத்தைச் சொல்லும். பகல் வெளிச்சத்தில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, நாலு மூலைகளும் கிட்டத்தில் என்று ஆறு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அனுப்பியதும் கதைக்கலாம்.