சிவப்பு எழுத்துக் கடிதம்

தம்பி, ரீவி லைசென்ஸ் (பிரித்தானியாவிலை ரீவி பாக்கிறதுக்கு வரியாவரியம் கட்டுற காசு, பிபிசிக்குப் போறது) கேட்டுக் கடிதம் வந்திருக்கு, கட்டவேணுமோ எண்டு கேட்டிருந்தீர். லண்டன் ஹரோவிலை அறை எடுத்து மூண்டு கிழமைதான், பெட்டியே இல்லை, எல்லாம் போனிலைதான், பிபிசி பாக்கிறதேயில்லை எண்டும் எழுதியிருக்கிறீர். எந்த வங்கி நல்லது, குளிருக்கு என்ன கோட்டு வாங்கிறது எண்டும் கேள்வி. வங்கி எல்லாம் ஒண்டுதான். கோட்டு ஜனவரி மலிவிலை வாங்கும்.

"பிபிசி பாக்கிறதில்லை, பிறகேன் காசு?" இந்தக் கதையை உமக்கு எப்பிடிப்பட்ட ஆள் சொல்லியிருப்பார் எண்டு எனக்குத் தெரியும். கோயில் அன்னதான வரிசையிலை நிண்டு சட்டம் படிப்பிக்கிற ஆக்கள் இஞ்சை கனபேர். சட்டம் அப்பிடியில்லை. எந்தச் சனலெண்டாலும், அது ஒளிபரப்பாகிற நேரத்திலையே பாத்தால் லைசென்ஸ் வேணும். போனிலை பாத்தாலும் வேணும். சென்னைச் சனல் சீரியலை, இணையத்தாலை சனல் காட்டுற ஐபி பெட்டியிலை நேரலையாப் பாத்தாலும் வேணும். எங்கடை சனம் பிழைவிடுறது இதிலைதான்: பிபிசியை எட்டியும் பாராமல், விடிய விடியத் தமிழ்ச் சனல் ஓடும், லைசென்ஸ் இராது. 2016 செப்ரெம்பரிலிருந்து பிபிசியின்ர இணையச் சேவையான ஐபிளேயரிலை பழைய நிகழ்ச்சி பாக்கவும் வேணும். நெற்பிளிக்ஸ் படம், யூரியூப்பிலை ஏற்றிவைச்ச வீடியோ, வானொலி, இதுகளுக்குத் தேவையில்லை. உண்மையிலை இவ்வளவுதான் பாக்கிறீர் எண்டால் லைசென்ஸ்காரரின்ர இணையத்தளத்திலை "எனக்குத் தேவையில்லை" எண்டு பதிஞ்சுவிடும். கடிதம் குறையும். கடிதத்தைக் குப்பையிலை போட்டால் அடுத்தது இன்னும் சிவப்பா வரும்.

உம்மட அறை ஒப்பந்தத்தையும் ஒருக்கா எடுத்துப் பாரும். வீட்டிலை இருக்கிற எல்லாரும் சேந்து ஒரே ஒப்பந்தத்திலை கையெழுத்து வைச்சிருந்தால் ஒரு லைசென்ஸ் காணும். அறைக்கு அறை தனி ஒப்பந்தமெண்டால், உம்மட அறையிலை நீர் பாக்கிறதுக்கு நீர்தான் எடுக்கவேணும். வீட்டுக்காரர் "எல்லாம் வாடகைக்குள்ளை அடக்கம்" எண்டு சொன்னால் கடதாசியிலை கேளும். நான் ஏன் சொல்லுறன் எண்டால், எனக்கும் ஒருத்தர் அப்பிடித்தான் சொன்னவர். எங்கடை ஆள்தான். எனக்கு முதல் பத்து வரியம் முந்தி வந்தவர்.

நான் வந்தது 1991 மார்கழி. லண்டன் ஈஸ்ற்ஹாமிலை ஒரு வீடு, ஆறு பெடியள், ஆரோ தெருவிலை வைச்சிட்டுப் போன ஒரு பழைய ரீவி. இரவுச் செய்தியிலை இலங்கை எண்டு ஒரு சொல் வருமோ எண்டு எல்லாரும் வாய் திறவாமல் இருப்பம். ஒரு நாள் கதவு தட்டிக் கேட்டது. மற்ற அஞ்சு பேரும் ரீவிக்கு மேலை போர்வையைப் போட்டிட்டு மாடிக்கு ஓடிவிட்டாங்கள். இங்கிலிசு தெரிஞ்சவன் எண்டு என்னைத் திறக்கச் சொன்னாங்கள். "எங்களிட்டை ரீவி இல்லை" எண்டு நான் சொல்லுறன், போர்வைக்குள்ளை செய்தி வாசிக்கிறவர் விடாமல் வாசிக்கிறார். லைசென்ஸ் பாக்க வந்த மனுசன் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. ஒரு தாளிலை எழுதிக் கையெழுத்துக் கேட்டார். வைச்சன். ஆறு பேர் பாத்த ரீவிக்கு நீதிமன்றக் கடிதம் வந்தது எனக்கு மட்டும். அபராதத்திலை பங்கு தாறன் எண்ட அஞ்சு பேரிலை ஒருத்தன்தான் தந்தவன். மற்ற நாலு பேருக்கும் இப்ப சொந்த வீடு, கடை. ஒருத்தர் சங்கத் தலைவர்.

கதவைத் திறக்கிற ஆளுக்குத்தான் வழக்கு. இந்தக் குற்றத்துக்குத் தண்டனை வாங்கிறவையிலை முக்கால்வாசிப் பேர் பெண்கள். பகலிலை வீட்டிலை நிண்டு கதவு திறக்கிறது ஆர்? இந்தப் பகிடியை யோசிச்சால் எனக்குக் கோவம்தான் வரும். இது கிறிமினல் குற்றம், அபராதம் 1,000 பவுண் வரை போகும். விசாவிலை வந்த உமக்கு, நாளைக்கு நிரந்தர வதிவிடப் படிவத்திலை தண்டனை ஏதும் இருக்கோ எண்டு கேக்கிற இடத்திலை இதையும் எழுதவேண்டி வரும். எங்கடை ஊர் ஆமிக்காரனைப் போல உள்ளுக்கை ஏறிவந்திடுவினம் எண்டு மட்டும் பயப்பிடாதையும். நீதிமன்ற ஆணை இல்லாமல் அவை வீட்டுக்குள்ளை வரேலாது. நீர் உள்ளுக்கை விடத் தேவையுமில்லை.

1992 இலை நான் எடுத்த லைசென்ஸ் 80 பவுண். அப்ப தபால் கந்தோரிலை லைசென்ஸுக்கெண்டு ஒரு பவுண் முத்திரை விப்பினம், வாங்கி ஒரு அட்டையிலை ஒட்டிச் சேக்கிறது. பெற்றோல் செட்டிலை இரவு வேலை முடிச்சு வந்து வெள்ளிக்கிழமை ரெண்டு முத்திரை ஒட்டுவன். இப்ப வங்கியிலை தானா வெட்டுப்படுது. 2025 ஏப்ரலிலை 174.50 பவுண் ஆக்கினவை. அம்மாவுக்கு 75 தாண்டினபடியால் முதல் இலவசம். 2020 ஓகஸ்ரோடை அதையும் நிப்பாட்டி, வருமானம் குறைஞ்ச வயசான ஆக்களுக்கு அரசாங்கம் குடுக்கிற பென்சன் கிறெடிற் எடுக்கிறவைக்கு மட்டும் எண்டாக்கினாப்பிறகு அவவின்ர சீரியலுக்கும் நான்தான் கட்டுறன்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், சந்தா கட்டுறவன் பாக்கட்டும், என்னை ஏன் பிடுங்கிறியள் எண்டு புறுபுறுப்பார். பிபிசியின்ர அரச சாசனம் 2027 முடிய முடியுது, அதோடை இந்த லைசென்ஸை என்ன செய்யிறது எண்டுதான் இப்ப இழுபறி. ஜேர்மனியிலை மச்சான் மாதம் 18.36 யூரோ கட்டுறான். அங்கை வீட்டுக்கு வீடு கட்டாயம், பெட்டி இருந்தாலென்ன இல்லாட்டாலென்ன. அதுக்கு இது பரவாயில்லை எண்டு நான் சொல்லுவன், அவன் ஒத்துக்கொள்ளமாட்டான்.

எனக்கு அந்தக் காசு கட்டக் கை நடுங்கிறதில்லை. தொண்ணூறிலை யாழ்ப்பாணத்திலை கரண்ட் நிண்டு, பற்றறிக்கும் தடை வந்தாப்பிறகு, சைக்கிளைக் கவிட்டுப்போட்டு நான் பெடல் சுத்த, டைனமோவிலை ஓடின றேடியோவிலைதான் அப்பா பிபிசியின்ர தமிழ் வானொலி, தமிழோசை கேட்டவர். கை ஓய்ஞ்சு வேகம் குறைஞ்சால் அதிலை வாசிக்கிற ஆனந்தி அக்காவின்ர குரல் இழுபடும், அப்பா "சுத்தடா" எண்டு கத்துவார். அந்த நேரம் அதுக்குக் காசு குடுத்தது பிரிட்டிஷ் வெளிநாட்டமைச்சு. 2014 ஏப்ரலிலிருந்துதான் தமிழோசையும் அடங்கின பிபிசி உலக சேவையை லைசென்ஸ் காசிலை நடத்தத் தொடங்கினவை. மூண்டு வரியத்திலை, 2017 சித்திரை முடிவிலை, தமிழோசை வானொலியை நிப்பாட்டிப்போட்டாங்கள்.

தமிழோசைக்கு நான் கட்டத் தொடங்கினாப்பிறகுதான் அதை நிப்பாட்டினவங்கள் எண்டு மனுசிக்குச் சொல்லிச் சொல்லிச் சலிச்சுப் போச்சு. நீர் அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் பாத்திட்டு எழுதும்.